பண்டத்தரிப்பில் ஓடாத இருபத்தாறு மைல்

புதன்கிழமை காலை 5.45க்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட ரயில் என்னை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டபோது பிற்பகல் ஒன்றரை மணி. சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு படிவம் இருந்தது. அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் இருபத்தாறு மைல் ஓட்டத்துக்கான விண்ணப்பம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த பண்டத்தரிப்புத் தோட்டக்காரர் செல்வராசா சென்ற ஆண்டு ஓடவில்லை. இந்த ஆண்டும் பெயர் கொடுக்கவில்லை. முடிவு நாள் வெள்ளிக்கிழமை. "கையெழுத்து வாங்கிக்கொண்டு வா. போடாவிட்டால் ஏன் என்று எழுது" என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருந்தார்.

பட்டினத்திலிருந்து பண்டத்தரிப்பு பத்து மைல். பஸ் கட்டணம் நாற்பத்தைந்து சதம். மானிப்பாய் தாண்டியதும் இருபுறமும் புகையிலைத் தோட்டங்கள். மாசி மாத வெயிலில் வாய்க்கால்கள் மட்டும் மின்னின.

"ஓடுற செல்வராசாவிட்டையோ போறியள்?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"ஓம்" என்றேன்.

"அவர் ஒருநாள் சண்டிலிப்பாயிலை எங்கடை பஸ்ஸை முந்தினவர். றைவர் ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. நான் சிரிச்சதாம்." சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பிக்காரன் கிணத்திலை விழுந்தாப் பிறகு ஆள் சந்திப் பக்கம் வாறேல்லை."

மூன்று இருபதுக்குச் செல்வராசா வீட்டு வேலிப் படலையைத் திறந்தேன். வேப்பமரத்தின் கீழே நாற்காலியில் ஓர் இளைஞர் இருந்தார். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள், கையில் கடிகாரம். தம்பி துரைராசா, வயது இருபத்து நான்கு. ஒன்றரை ஆண்டுக்கு முன் கிணற்றில் விழுந்து நாரி எனும் இடுப்பெலும்பு முறிந்தது. நாற்காலியிலிருந்து படலை வரை இருபது அடி நடப்பார், அதற்கு மேல் முடியாது.

செல்வராசாவுக்கு இருபத்தொன்பது வயது. உயரமில்லை. கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிய கயிறு போலிருந்தன. படிவத்தை முழுவதும் வாசித்தார், பழைய மடிப்பிலேயே மடித்தார், திருப்பித் தந்தார்.

"முழங்கால் நோ, ஐயா."

"எந்த முழங்கால், அண்ணை?" என்றார் தம்பி.

"இடது."

"போன கிழமை வலது எண்டு சொன்னாய்."

செல்வராசா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். தாய் பனங்கட்டியோடு தேநீர் தந்தார். ஓட எங்கே பழகினார் என்று கேட்டபோது துரைராசா கிணற்றைக் காட்டினார். கிணற்றடியில் துலாவின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கொழும்பு வாசகர்களுக்குச் சொல்கிறேன்: துலா என்பது அந்தரத்தில் ஆடும் நீண்ட மரம். ஒருவர் அதன்மேல் முன்னும் பின்னும் நடப்பார். அவர் முன்னே போனால் பட்டை என்கிற ஓலை வாளி கிணற்றுக்குள் இறங்கும், பின்னே வந்தால் ஏறும். கீழே கிணற்று விளிம்பில் பலகைமேல் நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். மேலே செல்வராசா, கீழே துரைராசா. விடியற்காலையில் மூன்று மணி நேரம் இறைப்பார்கள். அண்ணன் ஓட்டப் போட்டிகளில் இறங்கிய பிறகு, காலுக்கு உரம் ஏறவேண்டும் என்று அந்த மூன்று மணி நேரம் ஐந்து மணி நேரமானது.

"வேகம் ஆர் கையிலை இருந்தது?" என்று கேட்டேன்.

"கீழை நிக்கிறவன்ரை கையிலை. அவன் ஊத்தி, கையை விட்டாப் பிறகுதான் மேலை நிக்கிறவன் கால் எடுக்கலாம்."

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குச் செல்வராசா கீரிமலைக்கு ஓடப் புறப்பட்டார். போய்வர ஏறக்குறையப் பத்து மைல். தம்பியின் சைக்கிளை எனக்குத் தந்தார்கள். ஒன்றரை ஆண்டாக யாரும் ஏறாத சைக்கிள். ஆனால் சங்கிலிக்குப் புது எண்ணெய் போட்டிருந்தது. இளவாலை தாண்டும்வரை நான் அவருக்குப் பின்னால்தான் மிதித்தேன். இரண்டு முழங்கால்களையும் கவனித்தேன். இரண்டிலும் நோ எதையும் காணவில்லை.

5.35க்குக் கீரிமலைக் கடற்கரையில் நின்று முகத்தைத் துடைத்தார். அவராகவே கதைத்தார்.

"இருபது மைல் தாண்டினால் உள்ளுக்கை ஒரு குரல் கேக்கும், ஐயா. போதும், நில் எண்டு சொல்லும். அது கேக்காத மாதிரி ஓடப் பழகவேணும். துலாவிலை நான் பழகினது அதைத்தான். ஆயிரம் நடை எண்டு நினைச்சால் ஆயிரம் நடக்கிறது. தொளாயிரத்து எழுபதிலை உள்ளுக்கை நில் எண்டும். நிக்கமாட்டன்."

குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"தம்பி விழுந்த அண்டைக்கு ரெண்டு தரம் கேட்டது. 'அண்ணை, ஆறுதலா, மெதுவா' எண்டு. இன்னும் முப்பது நடைதான் எண்டு நினைச்சன். அந்தக் குரல் உள்ளுக்கை இருந்து வரேல்லை."

துலாவில் அவர் முன்னே நடந்தபோது தம்பியின் கை இன்னும் பட்டையில் இருந்தது. பட்டையோடு தம்பியும் கிணற்றுக்குள் போனார். கிணற்றின் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்.

"எனக்குக் கேக்கேல்லை எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். பிறகு ஏன் இன்னும் தினமும் ஓடுகிறார் என்று கேட்டேன்.

"விட்டால் ஏனெண்டு கேப்பான். விடிய அவன் மணிக்கூட்டோடை படலையிலை நிப்பான். கொழும்பிலை ஓடி ஒரு கப்பைக் கொண்டுவந்து அவன்ரை கண்ணுக்கு முன்னாலை வைக்க என்னாலை ஏலாது."

திரும்பி வந்தபோது துரைராசா ஊன்றுகோல்களில் படலையடியில் நின்றார். "எழுவத்தொரு நிமிசம். ஐயாவின்ரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தனியோ, அண்ணை?" என்றார். அண்ணன் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்ததை அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

எட்டு மணிக்குச் செல்வராசா கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசினை இயக்கினார். அது போடும் சத்தத்தில் பக்கத்திலிருந்தவர் பேச்சே கேட்கவில்லை. துரைராசா நாற்காலியை என் பக்கம் இழுத்து என் காதோடு பேசினார்.

"நான் விழுந்து மூண்டாம் மாசம் அண்ணை இதை வாங்கினவர். இது ஓடேக்கை ஆர் கூப்பிட்டாலும் ஒருத்தருக்கும் கேக்காது." கிணற்றைப் பார்த்தபடியே சொன்னார். "அண்டைக்கு அண்ணைக்குக் கேட்டது, ஐயா."

நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன்.

"ரெண்டாந்தரம் நான் கூப்பிடேக்கை அண்ணையின்ரை கால் ஒருக்காத் தயங்கினது. ஒரு அரை நடை. கீழை நிண்ட எனக்கு அது தெரியாதோ? ஒவ்வொரு நாளும் அந்தக் காலைப் பாத்துத்தானே ஊத்தினனான்."

"அவரிடம் சொன்னீர்களா?"

"என்னெண்டு சொல்லுறது? கேட்டது எனக்குத் தெரியும் எண்டால், அவர் என்ரை முகத்திலை முழிக்கமாட்டார். தெரியாது எண்டு இருந்தால் அதை மனசுக்கை வைச்சுக்கொண்டு கொழும்பிலை ஓடமாட்டார். நான் விழுந்தது போதும், ஐயா. அவரும் விழவேணுமோ?" மெசின் சத்தம் ஒரு கணம் குறைந்தது. அவரும் நிறுத்தினார். அது மீண்டும் உரக்க ஓடியதும் சொன்னார்: "பேப்பரிலை எழுதுங்கோ. என்ரை வாயாலை ஏலாது."

பதினொரு மணி பஸ்ஸுக்கு அண்ணன் என்னோடு சந்தி வரை வந்தார். தம்பி விழுந்த பிறகு அவர் வராத சந்தி என்று கொண்டக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. தம்பியைச் சைக்கிளின் பின்னால் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். கால் மைல் தூரத்துக்குப் பதினெட்டு நிமிடம். குழி வந்த இடங்களில் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தாமாகவே நின்று நின்று தள்ளினார். பஸ் வந்ததும் படிவத்தை மறுபடி நீட்டினேன்.

"அடுத்த வருசம் பாப்பம்" என்றார். தம்பி வேறு பக்கம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு விண்ணப்பங்கள் முடிந்தன. எழுதாத படிவம் என் மேசையில் கிடக்கிறது. அண்ணன் கேட்டுக்கொண்டது தம்பிக்குத் தெரியக்கூடாது என்பது. தம்பிக்கோ அது முதல் நாளிலிருந்தே தெரியும். ஆகவே கொடுத்த வாக்கை மீறவில்லை என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். அந்த எண்ணம் சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை பண்டத்தரிப்புக்குப் பிற்பகல் பஸ்ஸில்தான் போகும். அந்த வீட்டில் பத்திரிகையை முதலில் வாசிப்பவர் துரைராசா. வாசித்தபின் அதை அண்ணனின் கையில் கொடுப்பாரோ, மடித்துத் தம் தலையணைக்குக் கீழே வைப்பாரோ, தெரியாது. அவர் அண்ணனைக் கூப்பிட்டால், அந்த நேரம் மெசின் ஓடிக்கொண்டிருக்கக்கூடாது.