கொடி வந்ததும் எழுந்த கூட்டம்

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்கினேன். காட்பாடியிலிருந்து நூற்று நாற்பது மைல் சொச்சம். பங்காரப்பேட்டை தாண்டியதுமே காற்று மாறிவிட்டது. சித்திரை மாதத்தில் வேலூர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஸ்ரீராம்புரத்துக்கு ஜட்காவில் எட்டணா. "மில் ஆளுங்கள பாக்க வந்தீங்களா சாமி? இன்னா விசேஷம்?" என்றார் வண்டிக்காரர். தத்துவம் பேச வந்திருக்கிறேன் என்றேன். "பர்வாயில்ல, நாளைக்கு ட்ராமாவும் இருக்குது, பாத்துட்டுப் போங்க" என்று ஆறுதல் சொன்னார்.

ஐரோப்பிய மார்க்சியச் சிந்தனையாளர் ஒருவரின் கட்டுரைகளைச் சில வருஷங்களாகப் படித்து வருகிறேன். ஒரு நாடகத்தின் அரசியலை அதில் வரும் கோஷத்தில் மட்டும் தேடாதே, அது கட்டப்பட்டிருக்கும் விதத்தில் தேடு என்பது அவர் வாதம். மில் தொழிலாளர் வாசக சாலையின் செயலாளர் துரைசாமி இதைக் கேள்விப்பட்டு, பேச அழைத்திருந்தார்.

எதற்காக அழைத்தார் என்பது அவர் வீட்டில் காபி குடிக்கும்போதுதான் விளங்கிற்று. மேரி என்ற தொழிலாளி மேஸ்திரியை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்று வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை விசாரணை. அன்று மில் வாசலில் ஆள் நின்றால் வேலை பிழைக்கும். இல்லாவிட்டால் குழந்தைகளோடு அவள் தெருவில்தான். ஆள் திரட்டத்தான் ஞாயிறு நாடகம். எழுதியவர், மேரியோடு நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்யும் கமலம். தாய் வேஷமும் அவருக்கே. கடைசியில் தாய் கூட்டத்தைப் பார்த்து, திங்கட்கிழமை வாசலுக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டும். அதற்கு முன் மேடையில் செங்கொடி வர வேண்டுமா என்பதில்தான் தகராறு.

"கொடி இல்லாம நம்ம மேடைல நாடகமா? நீங்களே சொல்லுங்க சார்" என்றார் துரைசாமி.

"எல்லா நாடகத்துலயும் கொடி, எல்லாத்துலயும் அதே பாட்டு. சும்னே வருது, சும்மா போவுது. தாய் பேசட்டும், அது போதும்ணா" என்றார் கமலம். "சார் படிக்கிற பெரியவரு இன்னா சொல்றாரு?"

மாலையில் ஒரு மணி நேரம் பேசினேன். துரைசாமி தலையாட்டினார். கமலமும் தலையாட்டினார். முடிந்ததும், "நான் சொன்னதுதானே சாரும் சொன்னாரு?" என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். என் விளக்கத்தின் லட்சணம் அப்படி! கொடியும் வரட்டும், கொடிக்குப் பிறகு தாய் பேசட்டும் என்று ஒருவழியாகச் சமாதானமானார்கள்.

ஞாயிறு மாலை ஐந்தரை மணி. சந்து முனை மைதானத்தில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி வேஷக்காரருக்கு விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கடைசிக் காட்சியில் துரைசாமியே கொடியை ஏந்திப் பாடிக்கொண்டு வந்தார். மைதானம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, கண் நனைந்தது. என் தத்துவவாதி இங்கே தோற்றார் என்று சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நிமிஷம் அவர்கள் பாயைச் சுருட்டினார்கள்.

"ஏம்மா, இன்னும் முடியலையே?" என்றேன், பக்கத்திலிருந்த அம்மாளிடம்.

"கொடி வந்துடுச்சே சார்! மங்களம் பாடின மாதிரிதான். ஊட்டுக்குப் போயி சோறு ஆக்க வேணாமா?"

பழைய நாடகங்களில் மங்களம் பாடினால் எழுந்து போவது வழக்கம். வருஷக்கணக்காக எல்லா நாடகமும் கொடியோடு முடிந்ததில், கொடியே இங்கே மங்களமாகிவிட்டது. இதைத்தான் நான் அத்தனை பக்கங்களில் படித்திருந்தேன். கண் முன்னால் நடந்தபோது தெரியவில்லை.

மேடையில் கமலம் முதுகுகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "திங்கக்கெழம காலைல..." என்னும்போதே குரல் உடைந்தது. துரைசாமி அவரைப் பார்த்தார், கலைகிற கூட்டத்தைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். கொடியைக் கம்போடு சுற்றிக் கீழே வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, மைதானத்தின் நடுவே மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"செக்ரட்டரியே உக்காந்துட்டாரு. இன்னும் இருக்குது போல" என்றது ஒரு குரல். ஒவ்வொரு பாயாக மறுபடி விரிந்தது. போனவர்கள் போனவர்கள்தான், பாதிக்கு மேல் உட்கார்ந்தார்கள்.

கமலம் எழுதி வைத்த வசனத்தை விட்டுவிட்டார். "நாளைக்கு மில் வாசல்ல கொடி இருக்காது, பாட்டு இருக்காது. உள்ள மேரி தனியா இருப்பா. அவ வெளிய வர்ற வரைக்கும் யாரும் போவக்கூடாது. அவ்ளோதான்."

திங்கட்கிழமை காலை நானும் போய் நின்றேன். ராத்திரி ஷிப்டு முடிந்து அப்படியே நின்றவர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், சாப்பாட்டுத் தூக்கோடு மதிய ஷிப்டுக்காரர்கள். வெயில் ஏறியது. கோஷம் இல்லை. வேலூரில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதே கட்டுரைகளை நாங்கள் எத்தனையோ முறை அலசியிருக்கிறோம். நடுவில் யாரும் எழுந்து போனதில்லை. போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

பதினொரு மணிக்கு மேல் சின்னக் கதவு திறந்து மேரி வந்தாள். வேலை திரும்பக் கிடைத்தது என்பதை அவள் சொல்லவே கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலில் சுவரோரம் நின்றவர்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். பிறகு கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"யாருமே போவலியா?"