குளத்துக்குள் போட்ட ஆட்டுக்கிடை

1. ஒரே நாளில் வற்றியது

முதல் நாள் மழையில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர், மறுநாள் மாலைக்குள் காணாமல் போயிருந்தது. குளத்தின் நடுவில் போய் நின்றேன். காலுக்குக் கீழே வெறும் ஈரக் கிராவல்.

திண்டிவனத்திலிருந்து வானூர் போகிற பக்கத்தில், ஒரு செம்மண் மேட்டில் எங்கள் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. அங்கே நான் சைட் சூப்பர்வைசர். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது, மழைநீரைத் தடுக்க நீளமாகப் பள்ளம், அதாவது டிரெஞ்ச், வெட்டுவது, வீரை, காயா, மகிழம் என்று இந்த மண்ணுக்குச் சொந்தமான மரங்களை வளர்ப்பது, இதுதான் வேலை. நிலம் ஊருக்குப் பொது. ஊர் சம்மதித்ததால்தான் நாங்கள் உள்ளே இருந்தோம்.

அந்தக் கோடையில் உள்ளே இருந்த பழைய குட்டையைத் தூர்வாரி, ஆழப்படுத்திக் குளமாக்கினோம். நான் நாற்றுப் பை வாங்க விழுப்புரம் போயிருந்த நாளில், ஜேசிபி டிரைவர் நல்ல மனசோடு சொன்ன ஆழத்துக்கும் கீழே தோண்டிவிட்டார். மண் வெண்ணெய் மாதிரி வந்ததாம், நிறைய தண்ணீர் நிற்கட்டும் என்று இன்னும் நாலு பக்கெட் எடுத்தாராம். தூர்வாருவது என்றால் நம் ஊரில் எவ்வளவு ஆழமோ அவ்வளவு புண்ணியம். அந்த நாலு பக்கெட்டில் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த களிமண் அடுக்கு கிழிந்து, அடியில் இருந்த கிராவல் வெளியே வந்துவிட்டது.

ஊராட்சித் தலைவர் கரையில் நின்று பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கொளம் நெறையும்னு சொல்லித்தானே ஊர ஒத்துக்க வெச்சீங்க. கிராவல் குவாரிக்காரன் இந்த மேட்டக் கேட்டு தெனம் வந்து உக்காந்துக்கினு இருக்கான். ஐப்பசி மழையில தண்ணி நிக்கலன்னா என்னால ஊருக்குப் பதில் சொல்ல முடியாதும்மா."

குளம் ஒழுகினால் காடும் போகும். விதையிலிருந்து வளர்த்த வீரை மரங்கள் அப்போதுதான் என் தோள் உயரம் வந்திருந்தன.

2. ரோலர்

எங்கள் காப்பக இயக்குநர் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி வண்டலைக் கொண்டுவந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும் என்றார். இறுக்குவதற்கு ஷீப் ஃபுட் ரோலர் வேண்டுமாம். அதன் டிரம் முழுக்க ஆட்டுக்கால் மாதிரி முனைகள் இருக்கும், அவை அடியிலிருந்து மண்ணை இறுக்கிக்கொண்டே மேலே வரும் என்று கையால் குத்திக் காட்டினார். ஆனால் ஜேசிபி வந்த வழி அந்த ரோலரை ஏற்றிவரும் டிரெய்லருக்குப் போதாது, மரங்களை வெட்டித்தான் வழி செய்ய வேண்டும்.

"ஆடே இருக்குதே சார்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யோசனை சரிதான். உனக்கு யாரும்மா ஆடு கொடுப்பாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆடு உள்ளே வரக் கூடாது என்று சுற்றி வேலி போட்டு, வந்த ஆட்டைப் பிடித்து, அபராதம் கட்டினால்தான் விடுகிற ஊராட்சிப் பவுண்டில் அடைத்தவளே நான்தான்.

3. அஞ்சலை

அதிகம் அடைபட்டவை அஞ்சலையின் செம்மறிகள். என் வயதுதான் அவளுக்கு, வாய் மட்டும் என்னைவிட நீளம். அறுவடை முடிந்த கொல்லைகளில் எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போடுகிறவள். நான் அவள் வீட்டு முன்னால் போய் நின்றபோது குட்டிக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கிடைன்னா கொல்லையில போடுவாங்க. கொளத்துல போடறது எந்த ஊரு வழக்கம்? என் ஆட்டப் புடிச்சி அடைச்சது நீதானம்மா?"

"ஆமா. நாத்தைக் கடிச்சா இனிமேலும் அடைப்பேன்" என்றேன். கெஞ்சினால் அவளுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

குட்டியைத் தரையில் இறக்கி விட்டாள்.

"கூலி வழக்கம்போல குடு. ஆனா கொளம் நின்னுதுன்னா, கோடையில என் ஆடு தண்ணி குடிக்க வேலியில ஒரு வழி வுடணும். தண்ணிக்கு நான் அலையற அலைச்சல் உனக்குத் தெரியாது."

இயக்குநரிடம் கேட்காமலே சரி என்றேன்.

டிராக்டர்களில் கருப்பு வண்டல் வந்தது. ஒரு சாண் பரப்பி, டேங்கரில் தண்ணீர் தெளித்தோம். பகல் முழுக்க ஆடுகள் குளத்துக்குள் சுற்றின. நடுவில் அஞ்சலை கழியோடு நின்று "த்தா, த்தா" என்று விரட்டினாள். முதலில் குளம்பு புதைந்தது. பிறகு பதிந்தது. கடைசியில் தடம் கூட விழவில்லை. இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். தார் ரோடு மாதிரி இருக்கிறது என்று வியந்துபோய்ச் சொன்னார். அடுத்த அடுக்குக்கு வண்டல் கொட்டச் சொன்னேன்.

4. ஐப்பசி

மழை பிடித்துக்கொண்டது. மழை நின்ற காலையில் கரை ஏறிப் பார்த்தேன். தண்ணீர் நின்றது. மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. எங்கிருந்து வந்தனவோ, எலுமிச்சை நிறத்தில் பெரிய பெரிய தவளைகள் தொண்டை உப்பிக் கத்திக்கொண்டிருந்தன. தலைவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரம் குவாரிப் பேச்சு அடங்கியது.

ஆனால் என்னை வியக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். சில வாரங்களில் தண்ணீர்மேல் இலைகள் மிதந்தன. ஆம்பல். ஓரத்தில் ஆரைக்கீரை. நாங்கள் எதையும் நடவில்லை. ஓட்டை அடைக்க வெறும் சேறு என்று நினைத்து அள்ளி வந்த வண்டலில் அவ்வளவு உயிரும் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை கோடை வெயிலைத் தாங்கியதோ, அத்தனை குளம்புகளின் மிதியையும் தாங்கி எழுந்து பூத்தது. அந்தப் பூக்களின் முன்னால் கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன். ஆட்டுப் புழுக்கையில் வந்த சீமைக்கருவேலக் கன்றுகளும் கரையெல்லாம் முளைத்தன. அவற்றைப் பிடுங்கி மாளவில்லை, அது வேறு கதை.

சித்திரையில் வேலியை ஒரு பக்கம் பிரித்து, குளம் வரை கல் பாவி வழி விட்டோம். ஆடுகள் நாற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு வாட்சரை நிறுத்தினேன். அஞ்சலை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆடுகள் தாகத்தில் முட்டிக்கொண்டு இறங்கின. அதே நேரம் கரையை ஒட்டி ஒரு முக்குளிப்பான், முதுகில் இரண்டு குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நீந்தி வந்தது. அந்தக் குளத்தில் அந்தப் பறவையை நான் பார்ப்பது அதுதான் முதல் முறை.

அஞ்சலை கழியைக் குறுக்கே நீட்டி மொத்த மந்தையையும் நிறுத்தினாள்.

"இருங்கடி. புள்ளக்காரி போறா இல்ல, போவட்டும்."

தாகத்தோடு ஆடுகள் நின்றன. பறவை ஆம்பலுக்குள் மறைந்த பிறகுதான் அவள் கழியை எடுத்தாள்.

மறுநாளிலிருந்து அந்த வழியில் நான் வாட்சர் போடவில்லை.