நாலு பேரும் சரி என்ற நாள்

தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவின் ஓரத்தில், நாலு பேர் கூட்டாகக் கூடாரம் போட்டுச் சுற்றுலாக்காரர்களைத் தங்கவைத்தார்கள். இடம் குருசாமியுடையது. ராஜசேகர் ஜீப் ஓட்டினான். சித்ரா போனில் புக்கிங் பார்த்தாள். கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு வந்த வேலுத்தாய்க்குச் சமையல். நாலு பேரும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தார்கள்.

அந்தப் பேச்சு அவர்களை ஒருமுறை காப்பாற்றியும் இருந்தது. கொச்சி ரிசார்ட்காரர் ஒருவர் இடத்தை வளைத்துப்போட, ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு ஆசை காட்டினார். "நாலு பேரும் பேசித்தான் சொல்லணும்" என்ற ஒரே பதிலைக் கேட்டுச் சலித்துப் போய்விட்டார். சூப்பர்வைசர் சொன்னதைச் செய்தே பாதி ஆயுளைக் கழித்த வேலுத்தாய்க்கு, தன் சம்மதத்துக்காக மூன்று பேர் காத்திருப்பது பெரிய தெம்பாக இருந்தது.

ஓணத்துக்கு முந்தின வாரம் மழை விடவே இல்லை. காலையில் விறகெடுக்கச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போன வேலுத்தாய் அப்படியே நின்றாள். மேட்டில் தரை நீளமாகப் பிளந்திருந்தது. கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை போனது. நேர் கீழே கூடாரங்கள்.

கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் கூடினார்கள்.

"ஓணத்துக்கு எல்லாக் கூடாரமும் புக்காயிருச்சு. மழைன்னு மூடினா அப்புறம் ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். நடத்திருவோமா?" என்றான் ராஜசேகர்.

"எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரிதான்" என்றார் குருசாமி. சித்ரா நகத்தைக் கடித்தபடி தலையாட்டினாள்.

"பின்னாடி மேட்டுல வெடிப்பு விட்டிருக்குப்பா" என்றாள் வேலுத்தாய்.

"மழைக்காலத்துல மண்ணு வெடிக்கத்தானக்கா செய்யும்" என்றான் ராஜசேகர்.

மூன்று முகங்களும் அவளையே பார்த்தன. தன்னால் தொழில் கெட்டது என்ற பேர் வந்துவிடுமோ என்று தயங்கினாள்.

"அப்ப சரி" என்றாள்.

மதியம் கோட்டயத்திலிருந்து டிஜோ என்பவர் மனைவி, சின்ன மகளோடு முதலில் வந்து இறங்கினார். மற்றவர்களை அழைத்துவர ராஜசேகர் மூணாறுக்குத் திரும்பினான். சோறு வடிக்கும்போது வேலுத்தாய் தரையைப் பார்த்தாள். இதுவரை ஊற்றே இல்லாத மேட்டிலிருந்து செந்தண்ணீர் கசிந்து கொட்டகைக்குள் வந்துகொண்டிருந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சித்ராவிடம் ஓடினாள்.

"எனக்குப் பயமாயிருக்கு சித்ரா."

சித்ராவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்குக் காலையிலயே பயந்தான்க்கா. நீங்களே சரின்னுட்டீங்க, நான் என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற குருசாமி மெல்லச் சொன்னார்: "எங்கய்யா காலத்துல இந்த மேடு ஒருதடவ சரிஞ்சு எறங்கியிருக்கு. நீங்க மூணு பேரும் ஒத்துக்கிட்டதால நான் வாயத் தெறக்கல."

வேலுத்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியானால் காலையில் சரி என்றது யார்? ராஜசேகரின் போன் கிடைக்கவில்லை. நாலாவது ஆளின் சம்மதத்துக்கு அவள் காத்திருக்கவில்லை. நேரே கூடாரத்துக்குப் போனாள். இந்த மழையில் எங்கே வரச் சொல்கிறீர்கள் என்று டிஜோ மலையாளத்தில் சண்டைக்கு வந்தார். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தாயும் தகப்பனும் கத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள். சித்ராவும் குருசாமியும் கூடவே ஓடிவந்தார்கள்.

எதிர்மேட்டிலிருந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தை எட்டியபோது, லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சமையல் கொட்டகை இல்லை. கூடாரங்கள் இருந்த இடத்தில் சேறு நகர்ந்துகொண்டிருந்தது. டிஜோ மகளை வாங்கி இறுக்கிக்கொண்டார்.

அழைத்துவந்தவர்களை ஜீப்போடு ரோட்டிலேயே விட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தான் ராஜசேகர். வராந்தாவில் எல்லோரையும் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டான். "நீ சொன்னப்பவே ஒரு எட்டு வந்து பாத்திருக்கணும்க்கா" என்றான்.

இப்போது வேறொரு சமதரையில் தொழில் நடக்கிறது. நாலு பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது மாறவில்லை. ஆனால் முடிவெடுக்குமுன் ஆளுக்கொரு சந்தேகமாவது சொல்லியாக வேண்டும். கூட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்று ராஜசேகர் சலித்துக்கொள்கிறான். மூன்று பேர் சட்டென்று தலையாட்டினால் வேலுத்தாய்க்கு இன்றும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.