ஜூன் மாதப் புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு இஞ்ஞாசி மருதப்பன் கடையில் வந்து நிற்பார். வந்ததும் குனிந்து கல்லாப்பெட்டிக்குக் கீழே எட்டிப் பார்ப்பார். “எங்க தம்பி ஒளிச்சு வெச்சிருக்க? கப்பல் வந்து மூணு நாளாச்சு” என்பார். மருதப்பனுக்கு வருஷக்கணக்காக ஆறாத எரிச்சல் இது. சிராங்கூன் ரோட்டில் அஞ்சடி நடைபாதை ஓரமாகப் பேப்பரும் வாரப் பத்திரிகையும் விற்றுப் பிழைக்கிறவன், வெள்ளைக்காரன் புத்தகம் ஒன்றை ஒளித்து வைத்து என்ன கோட்டை கட்டப் போகிறான்? ஒரு தடவைகூட அவன் ஒளித்து வைத்ததில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் வரைக்கும்.

அது லண்டனில் அச்சாகிற தூண்டில் புத்தகம். மாதம் ஒன்று. கப்பலில் வருவதால் மார்ச் மாதப் புத்தகம் இங்கே கைக்கு வந்து சேர ஜூன் ஆகிவிடும். கடலோரம் முழுக்கத் தூண்டிலும் கையுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும், இந்தப் புத்தகத்துக்குச் சந்தா கட்டுகிற ஆள் இஞ்ஞாசி ஒருவர்தான் என்று ஏஜெண்ட் ஆபீஸில் சிரிப்பார்கள். இன்னுமா அந்த மனுஷன் வாங்குகிறார் என்று மருதப்பனைப் பிடித்துக் கேட்பார்கள், என்னவோ மருதப்பன்தான் அதைப் படித்துவிட்டு மீனுக்குப் போகிறவன் மாதிரி.

இஞ்ஞாசி தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். குள்ளம், நல்ல அகலம். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையின் பையில் ஜெபமாலை கிடக்கும், அதோடு சிக்கிக்கொண்டு இரண்டு தூண்டில் முள்ளும் கிடக்கும். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய இறாலைப் பால் டின்னில் போட்டுக் கொண்டுவந்து, பெண்கள் பத்திரிகை அடுக்கின் தலைமேலேயே வைப்பார். புத்தகம் வந்திருந்தால் முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். அப்புறம் மோந்து பார்ப்பார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உதடு அசையப் படிப்பார். பங்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்ற இங்கிலீஷ் அது. நடந்துதான் போகும், ஓடாது. முடிச்சுப் போடும் படம் ஏதாவது வந்துவிட்டால் போச்சு. பேப்பர்க் கட்டின் சணல் கயிற்றை எடுத்து அங்கேயே போட்டுப் பழகுவார். அவர் போன பிறகு அந்த முடிச்சை அவிழ்க்க எவனாலும் ஆகாது. மருதப்பன் வைதுகொண்டே கத்தியால் அறுப்பான்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். இதற்கு மேலே ஒரு கூத்து உண்டு. இங்கிலாந்தில் மார்ச் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை ஆற்று மீனுக்குத் தூண்டில் போடக் கூடாது. மீன் முட்டையிடுகிற காலம், சட்டமே அப்படி. மார்ச் புத்தகம் ‘மூடியாச்சு’ என்று சொல்லும், ஜூன் புத்தகம் ‘திறந்தாச்சு’ என்று சொல்லும். அந்தச் சட்டப்படி இஞ்ஞாசி சிங்கப்பூர்க் கடலில் நடந்துகொண்டிருந்தார். அதிலும் புத்தகம் என்றைக்குக் கைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் அவருக்குச் சட்டம். மார்ச் புத்தகம் வந்த அன்று ரீலைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். ஜூன் புத்தகம் வருகிற வரைக்கும், அதாவது செப்டம்பர் வரைக்கும், தூண்டில் போடுகிற பிடோக் ஜெட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

முகம்மது யூசுப் அவரோடு துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். ஜெட்டியிலும் அவருக்குப் பக்கத்து இடம். ஒருநாள் மருதப்பன் கடையில் வைத்தே கேட்டுவிட்டார்.

“ஏண்ணே, நம்ம ஊரு கொடுவா மீனுக்கு அந்த இங்கிலீஷ் சட்டம் தெரியுமா லா?”

“முடிச்சுக்கு அவன் பேச்சக் கேட்டோம். முள்ளுக்கும் அவன் பேச்சக் கேட்டோம்” என்றார் இஞ்ஞாசி. “பிடிக்காதன்னு அவன் சொல்லும்போது மட்டும் காது கேக்கலன்னா அது என்ன நியாயம்?”

அந்த நியாயத்தில் மருதப்பனுக்கு எரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியது.

எழுபத்தெட்டு ஆகஸ்டில், கிரேன் ஏணியில் பாதி இறங்கும்போது இஞ்ஞாசிக்கு நெஞ்சு வலித்தது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றவரை ஆள் ஏறி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூன்று மாதத்துக்கு ஏணி கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூண்டிலைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஜெட்டியில் பெரிய திருக்கை ஒன்று மாட்டினால் அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். அந்த நெஞ்சு அதைத் தாங்காது.

செப்டம்பரில் அவர் மனைவி ரோசம்மா கடையைத் தேடிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் மருதப்பன் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. விரித்த குடையை மடக்காமலே நின்று, தான் யார் என்று சொன்னார். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே மனுஷன் துணியைப் பிரித்து ரீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டாராம். கேட்டால், புத்தகம் வருகிற நேரம் என்கிறாராம்.

“டாக்டர் பேச்ச அவரு கேக்க மாட்டாரு தம்பி. என் பேச்ச என்னிக்குமே கேட்டதில்ல. அந்தப் புத்தகம் சொன்னாத்தான் கேப்பாரு.”

“அதுக்கு நான் என்ன அண்ணி செய்ய முடியும்?”

“குடுக்காதீங்க.”

அவ்வளவுதான். வந்த வழியே போய்விட்டார். சொல்லிவைத்தாற்போல அந்த வாரமே ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து ஜூன் புத்தகம் வந்து சேர்ந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். “சிரிக்கிறியா நீ” என்று சொல்லி மருதப்பன் அவனைப் பழைய பேப்பர் மூட்டைக்குள் சொருகினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தை ஒளித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இஞ்ஞாசி வந்தார். வெள்ளைச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. கல்லாப்பெட்டிக்குக் கீழே குனியவில்லை. வந்துருச்சா என்று மட்டும் கேட்டார்.

“வரலண்ணே. கப்பல் லேட்டு.”

எந்தக் கப்பல் எங்கே கட்டியிருக்கிறது, என்றைக்குக் கிளம்பும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய ஆளிடம் இந்தப் பொய்யை அவிழ்த்துவிட்டு, மருதப்பன் ஏச்சுக்குத் தயாராக நின்றான். ஏச்சு வரவில்லை.

“கப்பல்னா அப்பிடித்தான்” என்றார் இஞ்ஞாசி. கொஞ்ச நேரம் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். சணல் கயிறு பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. வாங்கிக் கொடுத்த கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில், அதே மாதிரி எழுந்து போனது. அக்டோபரில் ஜூலைப் புத்தகம் வந்தது. நவம்பரில் ஆகஸ்டுப் புத்தகம் வந்தது. ரெண்டும் மூட்டைக்குள் போயின. நடுவில் ஒருநாள் யூசுப் வந்து, மழைக்குக் கொடுவா நல்ல ஓட்டம், சும்மா பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டும், புத்தகம் வரட்டும் என்று இஞ்ஞாசி நகர மறுத்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். நல்லதுதான், ரோசம்மா கேட்டது நடக்கிறது. ஆனால் வலி வந்த நெஞ்சைச் சரி பண்ணுகிறேன் என்று ஆளின் முறுக்கையும் சேர்த்து ஆஸ்பத்திரியில் கழற்றி வைத்துக்கொண்டார்களோ என்று மருதப்பனுக்குப் பட்டது. கோபமே வராத இஞ்ஞாசியை அவன் பார்த்ததில்லை. ‘எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க’ என்று நடுரோட்டில் வைத்து ஒரு தடவை கத்தினால் தேவலை என்று இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே வந்தார்கள். ரோசம்மா தூரத்திலிருந்தே குடையை மடக்கிவிட்டார்.

“டாக்டர் விட்டுட்டாரு தம்பி. ஏணிதான் வேணாம்னாரு, கீழ வேலை. தூண்டில் போட்டுக்கலாமாம்.”

மருதப்பன் இரண்டு கையையும் கல்லாப்பெட்டிமேல் ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டான். மூன்று மாதமாகத் தலையில் சுமந்த மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கின மாதிரி இருந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே குனிந்து மூன்று புத்தகத்தையும் உருவி வெளியே வைத்தான்.

“நேத்துதாண்ணே கப்பல் வந்துச்சு. மொத்தமா வந்துருச்சு.”

“எந்தக் கப்பல்?” என்றார் இஞ்ஞாசி.

மருதப்பன் ரோசம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் எதிர்க்கடை மல்லிகைப்பூவைப் பார்த்தார்.

“லண்டன் கப்பல் சரக்க செப்டம்பர்லயே நம்ம யூசுப்தான் இறக்குனான். அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொல்லிட்டான். என்கிட்டயே கப்பல் கதை சொல்றியா நீ?”

குரல் பழைய குரல். பூ வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற குரல். மருதப்பனுக்கு அந்த ஏச்சு காதில் தேனாக விழுந்தது.

“தெரிஞ்சுமா இத்தன நாளு சும்மா இருந்தீங்க?”

“கைக்கு வரலயே தம்பி. வராம எப்பிடிப் போறது?” என்றவர், மனைவி பூக்காரியிடம் விலை கேட்க நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் பயந்தான். ஏணியில அன்னிக்கு நின்னேன் பாரு, அந்தப் பயம் போகல. யூசுப்பு கூப்பிடறப்ப பயமா இருக்குன்னா சொல்ல முடியும்? புத்தகம் வரலன்னு நீ சொன்னது நல்லதாப் போச்சு.”

மருதப்பன் ஸ்டூலை எடுத்துப் போட்டான். இஞ்ஞாசி உட்காரவில்லை. மூன்றில் ஜூன் புத்தகத்தை மட்டும் உருவி, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மற்ற இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டி, கல்லாப்பெட்டிக்கு மேலாக மருதப்பன் பக்கம் தள்ளினார்.

“இத உள்ள வை. மாசத்துக்கு ஒண்ணா குடு. வாராவாரம் நான் வந்து பழையபடி ஏசிக் கேப்பேன். கப்பல் வரலன்னு சொல்லு.”