உப்புக் காணாது

கனடாவுக்கு வந்து ஒரு மாதம் கடந்தும் எங்களுடைய சூட்கேஸ் ஒன்று திறக்கப்படவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், வந்த விருந்தாளி உட்காராமல் நிற்பதுபோல, அது நின்றுகொண்டே இருந்தது. அதனால் கதவு பாதிதான் திறக்கும். வேலையால் வரும் அப்பா தினமும் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைவார். தன் வீட்டுக்குள் ஒரு மனிதர் இப்படித் திருடனைப்போல நுழையவேண்டியிருக்கிறதே என்று அவர் ஒருநாளும் முறைப்பட்டதில்லை.

அப்பா என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர் அவர். கடிதத்தில் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று எழுதுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. கடிதத்துக்கு முகம் இல்லை அல்லவா? எனக்கு எட்டு வயதில், கனடா விமான நிலையத்தில் முன்மயிர் கொட்டிய ஒருவர் கைகளை நீட்டிக்கொண்டு நின்றபோது அந்தச் சொல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. அவரிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால், அவர் என் பக்கம் திரும்பும்வரைக்கும் காத்திருந்து கேட்பேன்.

அம்மாவின் நிலைமையும் பெரிய வித்தியாசமில்லை. எல்லா மனைவிமாரையும்போல 'இஞ்சேருங்கோ' என்றுதான் கூப்பிட்டார். ஆனால் தபால்காரரைக் கூப்பிடுகிற குரல் அது. அப்பா வேலையால் நேரம் பிந்தி வருவதால் எங்கள் நித்திரை குழம்பக்கூடாது என்று காரணம் சொல்லி, அவருக்குக் கூடத்துச் சோபா ஒதுக்கப்பட்டது. அறைக்குள் அம்மாவும் நானும் ஒரு கட்டிலில் படுத்தோம்.

அம்மாவின் அண்ணன், என்னுடைய பெரியமாமா, அதே நகரத்தில் அஜின்கோர்ட் பக்கம் சொந்த வீட்டில் இருந்தார். பேஸ்மென்ட் என்ற நிலவறை வைத்த வீடு. அதற்குள் ஒரு பெரிய தொலைக்காட்சி, என் வயதில் இரண்டு மச்சாள்மார். ஒருநாள் அம்மா அவருடன் தொலைபேசியில் கதைத்ததை நான் ஒட்டுக் கேட்டேன்.

"ஆள் நல்ல ஆள்தான் அண்ணை. ஆனா எனக்கு ஆரோ வீட்டிலை வந்து இருக்கிற மாதிரிக் கிடக்கு. கொஞ்ச நாள் பாப்பம். ஒத்துவராட்டி பிள்ளையோட அங்கை வாறன்."

சூட்கேஸ் ஏன் திறக்கப்படவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அன்றிலிருந்து ஒத்துவரக்கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிடத் தொடங்கினேன். அந்த பேஸ்மென்ட்டில் அவ்வளவு ஆசை.

அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்காது. பாதி திறக்கிற கதவு தினமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தது. வேலை இடத்தில் யாரோ அவருக்கு ஒரு ஜப்பானிய உணவகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் வேண்டுமளவு சாப்பிடலாம். அதிலும் விசேஷம், மேசையிலேயே அடுப்பு இருக்கும், சாப்பிடுகிறவர்களே அவித்துச் சாப்பிடவேண்டும். அம்மா வெளிச்சாப்பாடு தொடமாட்டார். யார் கை பட்டதோ, என்ன எண்ணெயோ என்பார். கடை டோனட்டைக்கூட மருத்துவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்துவிடுவார். தானே சமைக்கிற கடை என்றால் பயமில்லை, வயிறும் நிறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அப்பா கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சப்வே என்ற சுரங்க ரயிலிலும் தெருவில் ஓடும் ஸ்ட்ரீட்காரிலும் மாறிப் போனோம். அம்மா நல்ல சேலை உடுத்து, மேலே குளிர்ச்சட்டை போட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பரிமாறும் பெண்ணிடம் அப்பா மாட்டிறைச்சி வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொன்னார். அந்தப் பெண் மூன்று தடவையும் பணிவாகத் தலையாட்டினாள். மேசை நடுவில் அடுப்பைப் பற்றவைத்து ஒரு சட்டியை வைத்தாள். அதில் வெறும் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு கறுத்த இலை. அம்மா எட்டிப் பார்த்து, இது ஏதோ கசாயம் என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு தட்டுகள் வந்தன. கடதாசிபோலச் சீவிச் சுருட்டிய ஆட்டிறைச்சி, இறால், மீன், கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசு, முள்ளங்கி, காளான். எல்லாமே பச்சை.

அம்மா அவற்றைச் சிறிது நேரம் பார்த்தார்.

"சமைக்கிறதுக்கு வீட்டிலை அடுப்பு இல்லையோ?"

அப்பா சிரித்தார். அது பகிடி இல்லை என்பது அவருக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. களைத்துப்போன ஒரு மனுசியை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் இன்னொரு அடுப்பை மூட்டி வைத்திருக்கிறோம் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"நீர் இரும். நான் போடுறன்" என்றார் அப்பா.

அம்மா இருந்தார். ஆனால் அவருடைய கைகளுக்கு இருக்கத் தெரியவில்லை. மேசையில் வைத்தார், மடியில் வைத்தார், என் தலைமயிரை ஒதுக்கினார். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவர் அவர். அப்பா சாப்பிடும் குச்சிகளை லாவகமாகப் பிடித்து இறைச்சியைத் தண்ணீரில் அலசி அம்மாவின் கோப்பையில் வைத்தார். அது இன்னும் கொஞ்சம் அவியட்டும் என்றார் அம்மா. அப்பா மறுபேச்சில்லாமல் திரும்பவும் சட்டிக்குள் போட்டார். எல்லாம் ஒத்துவருகிற மாதிரிப் போனது. நான் மேசைக்குக் கீழே கைகூப்பிப் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

அப்போதுதான் அவர் அந்தப் பிழையைச் செய்தார். ஒரு துண்டை எடுத்துத் தானே தின்று பார்த்தார். பிறகு வாயில் வைத்த அதே குச்சிகளைச் சட்டிக்குள் விட்டுக் கிளறினார்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எச்சில் விஷயத்தில் அவருடைய சட்டம் கடுமையானது. உப்புப் பார்க்கக்கூட அகப்பையை வாயில் வைக்கமாட்டார். உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் சிநேகிதி கடித்த மாங்காயில் நானும் கடித்தேன் என்று தெரிந்து என் தொடையில் கிள்ளியிருக்கிறார். அந்தச் சட்டத்துக்கு ஒரேயொரு விலக்குத்தான் இருந்தது. நான் கடித்துப் போட்ட பாண் துண்டை யோசிக்காமல் தின்பார். 'உன்ரை எச்சில் எனக்கு எச்சிலோ?' என்பார்.

அம்மா வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்.

"எச்சில்."

அன்று முழுவதும் அவரைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. மாட்டிறைச்சிக்கு எதிராக முன்கதவை அத்தனை கவனமாகப் பூட்டிய மனிதர் பின்கதவை மறந்துவிட்டார். இத்தனை வருடமும், நாங்கள் வரும்வரை, பார்க்டேல் பக்கத்தில் ஆறேழு ஆண்களோடு ஒரு அறையில் இருந்து, ஒரே சட்டியைச் சுற்றி நின்று தின்றவர். அங்கே யார் எச்சில் பார்த்தார்கள்? தண்ணீர் கொதிக்கிறதே என்று அவர் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு இன்னொரு அடுப்பும் சட்டியும் கேட்டார். அவள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்க் கொண்டுவந்தாள்.

புதுச் சட்டி எங்களுக்கு. பழைய சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாய்படாத குச்சிகளை வேறாக வைத்து எங்களுக்கு அவித்தார். தன்னுடைய குச்சிகளால் தன்னுடையதில் எடுத்துச் சாப்பிட்டார். பாகம் பிரிந்த சகோதரர் வீடுபோல ஒரே மேசையில் இரண்டு உலை கொதித்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. இனி சூட்கேஸைத் தூக்கவேண்டியதுதான்.

இறாலும் மீனும் எங்கள் சட்டிக்கு வந்தன. அவருடைய சட்டியில் கோவாவும் முள்ளங்கியும்தான். வேண்டுமளவு சாப்பிடலாம் என்ற இடத்தில் ஒருவர் கோவா தின்றுகொண்டிருந்தது எனக்குப் பெரிய முட்டாள்தனமாகத் தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல், சரியாக மெல்லாமல், வேகமாகச் சாப்பிட்டார். இடையிடையே மணிக்கூட்டைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை.

அம்மா சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் உப்பிடியே சாப்பிட்டனீங்கள்?"

"ஓம். பழகிப் போச்சு."

அம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஊரில் வறுத்து இடித்த கறித்தூள் பொட்டலம் வந்தது. கனடாச் சாப்பாட்டில் உறைப்பு இருக்காது என்று யாரோ சொல்லியதால் அம்மா அது இல்லாமல் படியிறங்கமாட்டார். எங்கள் சட்டிக்குத்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, இரண்டு விரலால் கிள்ளி, அப்பாவின் சட்டியில் போட்டார். போதாது என்று இன்னொரு கிள்ளு. தண்ணீர் சிவந்தது. அகப்பையால் கலக்கி, உள்ளங்கையில் ஒரு துளி விட்டு, ஊதி, நக்கிப் பார்த்தார்.

"உப்புக் காணாது" என்றார்.

அப்பா சோயா சோஸ் போத்தலை எடுத்து நீட்டினார். அவசரத்தில் கொஞ்சம் மேசையிலும் ஊற்றுப்பட்டது. அம்மா அந்தச் சட்டியை நடுவுக்கு இழுத்து, மிச்ச இறால் முழுவதையும் அதற்குள் கொட்டி, ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து வாயில் வைத்தார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் தும்மினார்கள். பரிமாறும் பெண் தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் எதையும் கவனிக்கவில்லை. எங்கள் சுத்தமான சட்டி தன்பாட்டில் கொதித்து வற்றியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பி வரும்போது சப்வேயில் அம்மாவிடம் கேட்டேன், அது எச்சில் இல்லையோ என்று. கொதித்ததில் எச்சில் இல்லை என்றார். அப்படியென்றால் முதலும் கொதித்துக்கொண்டுதானே இருந்தது என்றேன். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். சுரங்கத்துக்குள் பார்க்க ஒன்றுமே இல்லை.

அடுத்தநாள் சூட்கேஸ் திறக்கப்பட்டது. கதவு முழுதாகத் திறந்து சுவரில் போய் அடித்தது. அந்தக் கிழமையே அம்மாவின் தலையணையும் என் கட்டிலிலிருந்து கூடத்துக்குப் போய்விட்டது. சோபாவில் அதன்பிறகு ஒருவரும் படுக்கவில்லை, கீழே பாய் விரிக்கப்பட்டது. நான் நித்திரையில் காலால் உதைக்கிறேன், அதுதான் காரணம் என்று அம்மா சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன். இரண்டு காலையும் சேர்த்து ஒட்டிவைத்து, மரக்கட்டைபோல அசையாமல் படுக்கப் பழகினேன். நன்றாகப் பழகிவிட்டேன் என்று நிச்சயமான ஒரு காலையில், சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போனேன். அவர் என் பக்கம் திரும்பும்வரை அன்று காத்திருக்கவில்லை.

"அப்பா, நான் இப்ப உதைக்கிறேல்லை எண்டு அம்மாவிட்டைச் சொல்லுங்கோ."

அவர் சப்பாத்துக் கயிறைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். கட்டி முடிக்க வெகுநேரம் எடுத்தது. பிறகு, சொல்லுகிறேன் என்று தலையாட்டினார். அவர் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். அம்மா என் கட்டிலுக்குத் திரும்பி வரவில்லை.