பங்குனியில் அருவி பார்க்க

இங்கே கோடு போட யாரும் பென்சில் சீவுவதில்லை. டெர்மினலில் ஒரு வரி ஆணையை அடித்து என்டர் தட்டினால், பக்கத்து மேசை பிளாட்டர் தானே பேனாவை எடுத்து வரைபடத்தைப் போட்டுத் தந்துவிடுகிறது. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தென்காசியில் படித்தபோது கிராஃப் தாளில் புள்ளி வைத்து ஒவ்வொன்றாக இணைப்போம். ஆனியில் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வீசினால் ஜன்னல் வழியே சாரல் அடித்துத் தாள் நமுத்துவிடும். பென்சில் முனை பட்டாலே பொத்துக்கொண்டு போகும். தாள் காயட்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விடுவோம்.

எங்கள் ஆபீஸ் கணினிக் கூடத்தில் அந்த ஆணையைப் பழகுவதற்காக, அவரவர் ஊரைப் பற்றி ஆளுக்கொரு வரைபடம் போடச் சொன்னார்கள். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அத்தானை, என் அக்காள் கணவரை, ஃபோனில் பிடித்து, எந்த மாதம் எத்தனை நாள் அருவியில் குளிக்கலாம் என்று கேட்டேன். அவர் சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அதே வரிசையில் எண்களை மட்டும் அடித்தேன். மாதத்தைச் சொல்லாவிட்டால் அந்த ஆணை ஒன்று, இரண்டு என்று தானே இடம் ஒதுக்கிக்கொள்ளும். அடியில் எல்லோருக்கும் பொதுவாக ஜனவரி, பிப்ரவரி என்று அச்சாகும். மூன்றிலும் நான்கிலும் கோடு நெட்டுக்குத்தாக எழுந்தது. எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. மூன்றாவது இடம் என் கண்ணுக்கு ஆனிதான். அடியில் மார்ச் என்றிருந்ததை நான் படிக்கவே இல்லை. பெருமையாகப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

பக்கத்து இருக்கை பீட்டர் அடியில் இருந்ததையும் படித்திருக்கிறார். "ஈஸ்டருக்கு இந்தியா போகிறோம். உங்கள் அருவியைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். இங்கே மரியாதைக்கு இப்படி எதையாவது கேட்பார்கள் என்று நினைத்து, தாராளமாகப் போங்கள் என்று அத்தானின் முகவரியைக் கொடுத்தேன். படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, மனைவியோடு அவர் நிஜமாகவே போய்விட்டார்.

ஈஸ்டர் வரும் பங்குனியில் குற்றாலம் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறையும் குரங்கும்தான். அத்தான் ஃபோனில் வந்தார்.

"என்ன மாப்ள, ஒன் ஆபீஸ்காரங்க படத்தோட வந்து நிக்காங்க. தண்ணி எங்கன்னு கேக்காங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மாசத்த மாத்திப் போட்டுட்டேன் அத்தான். தப்பு என்மேலதான்னு சொல்லிருங்க."

"ஒன்கூட வேல பாக்கவங்ககிட்ட ஒன்னப் போயி விட்டுக்குடுப்பனா? இந்த வருசம் மழ ஏமாத்திட்டு, மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டேன். அந்தம்மா மொகந்தான் வாடிப்போச்சு. இன்னைக்கி இலஞ்சிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வெயிலில் மூக்குத் தோல் உரிந்து திரும்பிய பீட்டர், "அருமையான மனிதர் உங்கள் அத்தான். ஆனால் பார்க்கும்போதெல்லாம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மழை பெய்யாததற்கு அவர் என்ன செய்வார்?" என்றார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. சீசன் கூட்டத்தில் எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் அறை இல்லை என்றால் இல்லைதான் என்பவர் அத்தான். அவர் என் பெயரைக் காப்பாற்றக் காய்ந்த பாறைக்கு முன்னால் கைகூப்பி நின்றிருக்கிறார். மழை ஏமாற்றவில்லை, மாதத்தை மாற்றியவன் நான்தான் என்று பீட்டரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்படியானால் அவர் ஏன் மன்னிப்புக் கேட்டார்?"

அதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. சாரி என்றேன். பரவாயில்லை என்று என் தோளைத் தட்டினார். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

இன்று மாதங்களையும் சேர்த்துக் கொடுத்து மறுபடி வரைந்தேன். கோடு ஜூனிலும் ஜூலையிலும் எழுந்தது. "இப்போது சரி" என்றார் பீட்டர். சரிதான். ஆனால் ஆறும் ஏழும் என் கண்ணுக்குப் புரட்டாசி, ஐப்பசி. சரியான படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன். தப்பான படம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில்தான் ஆனியில் தண்ணீர் விழுகிறது.