குனிந்து ஓடும் ஜெர்மன்காரி

கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜெர்மன் காலண்டர் தொங்கியது. அத்தை வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கொடுத்தது. அதில் ஒரு பெண் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, குனிந்து, ஒரு கையை இடுப்பின்மேல் வைத்தபடி பனித்தரையில் விரைந்துகொண்டிருந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டதா என்று அப்பா கேட்பார். அத்தைக்குக் கோபம் வரும். அவள் பல வருடச் சாம்பியன், பிள்ளை பெற்றதும் எல்லோரும் அவ்வளவுதான் என்றார்கள், இப்போது மறுபடி ஓட வந்திருக்கிறாள் என்பாள்.

அத்தையும் பிள்ளை பெற்று எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். மாமாதான் எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றுவிட்டார். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வது அவர் வீட்டு ஆண்களுக்குப் பழக்கமில்லை.

பெரியபாளையத்திலிருந்து ஞாயிறுதோறும் வரும் மாமா, ஒரு ஞாயிறு காலை என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனார். அங்கே பேப்பரில் அதே ஜெர்மன்காரி, கழுத்தில் பதக்கத்தோடு சிரித்தாள். டிவியில் அவள் ஓடப்போவதோ அன்று சாயங்காலம். அதனால் பழைய படம் என்று நினைத்துக்கொண்டேன். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்கு ஒரு பட்டர் பிஸ்கட் வாங்கித் தந்தார்.

"ஊட்ல போய் சொல்லிக்கினு இருக்காத, இன்னா?"

மதியம் சாப்பிடும்போது அவரே பேச்செடுத்தார்.

"உன் ஜெர்மன்காரி இன்னிக்கு மெடல் வாங்கட்டும், நாளைக்கே நீ கம்பெனி வேன் ஏறு. நான் ஒன்னும் சொல்லல."

சாயங்காலம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். இரண்டிரண்டு பேராக ஓடினார்கள். ஜெர்மன்காரி, தன்னோடு ஓடியவளுக்குப் பின்னால்தான் வந்தாள். தோத்துட்டா என்று மாமா தொடையில் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தையை மடியில் போட்டிருந்த அத்தை அசையவில்லை.

"பக்கத்துல ஓட்றவளோட இல்லீங்க போட்டி, கடியாரத்தோட. எங்க லைன்ல சூப்பர்வைசர் டைம் பாக்கறா மாரி."

மீதி ஜோடிகளும் ஓடி முடித்தார்கள். மொத்தத்தில் இருவர்தான் ஜெர்மன்காரியை முந்தியிருந்தார்கள். வெண்கலம். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு, பேஜாராப் போச்சே என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் அத்தை யூனிஃபாரம் போட்டுக்கொண்டு வேன் ஏறியபோது, குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்டவைத்தவர் மாமாதான். அன்றைக்கு அவர் முன்கூட்டியே லீவு சொல்லியிருந்தார்.

அந்தச் சேனலில் முந்தின நாள் நடந்து முடிந்த போட்டியைத்தான் காட்டினார்கள் என்பது பல வருடம் கழித்தே எனக்குப் புரிந்தது. வீட்டில் சொல்லாதே என்று மாமா சொன்னது பிஸ்கட்டைப் பற்றி என்றே நினைத்திருந்தேன். கொடுத்த வாக்குப்படி, அந்த பிஸ்கட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.